பாக்கலாமுங்க

கையூம் எஞ்சினை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்து சாக்கின் மேல் வைத்தார். அந்த வைப்பிலேயே வெங்கடலட்சுமிக்குத் தெரிந்துவிட்டது. பிழைக்கப்போகிற சாமானை எந்த மெக்கானிக்கும் அவ்வளவு மெதுவாகக் கீழே வைக்கமாட்டார்.

"மய்யத்துங்கம்மா, உசுரு போயிருச்சு," என்றார். "பிஸ்டன் மட்டும் புடிச்சிருந்தா எப்படியாச்சும் எழுப்பியிருப்பேன். கிராங்கும் போயிருச்சு. போரு ஏற்கனவே மூணு தடவ போட்டாச்சு. இனி அதுல தகரம்தானுங்க மிச்சம்."

"குளிப்பாட்டிப் போட்டீங்களா?"

"பெட்ரோல்லதானுங்க," என்று சொல்லிவிட்டுத்தான் கையூம் சிரித்தார்.

உக்கடத்தில் அந்தச் சந்து முழுக்க இப்படித்தான். ஒரு கடையில் லாரியின் முதுகெலும்பு கிடக்கும், அடுத்த கடையில் பத்து ஸ்கூட்டர்களின் மூஞ்சிகள் வரிசையாகத் தொங்கும். குளத்துக் காற்று வீசினால் தண்ணீர் வாசனைக்குப் பதிலாகக் கிரீஸ் வாசனை வரும். கடை வாசலில் அவளுடைய வண்டி சென்டர் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தது. எஞ்சினைக் கழற்றிய இடத்தின் வழியாக எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியின் பாதி தெரிந்தது. முப்பது வருடத்து வண்டி, வயிறில்லாமல், ஆனால் கொஞ்சமும் வெட்கப்படாமல் நின்றுகொண்டிருந்தது.

கையூம் உள்ளே போய், பழைய லுங்கியில் சுற்றிய இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். இதை அவர் மெதுவாக வைக்கவில்லை. தொப்பென்று வைத்தார்.

"நூத்தி முப்பத்தஞ்சு சிசி. வண்டி ஸ்கிராப்புக்குப் போச்சு, எஞ்சின் மட்டும் பில்லோட எங்கிட்ட நின்னுருச்சு. உங்க நூறுக்கு இது அண்ணன் முறைங்க. அதே ஓட்டை, அதே போல்ட்டு. அப்படியே உக்காந்துக்கும்."

"மேடு ஏறுமுங்களா?"

"மேடு எங்கீங்கன்னு அது கேக்குமுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நம்பரு மட்டும்தான் ஒரு வேல. இதுல இருக்கறத ராவிப்போட்டு, உங்க பழைய நம்பர அடிச்சுக் குடுத்தர்றேன். ஊருக்குள்ள பாதி வண்டி அப்படித்தான் ஓடுது. ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்ப புக்குல நூறு இருக்கும், வண்டில நூத்தி முப்பத்தஞ்சு இருக்கும்."

"ஆமாங்க."

"எதுக்குங்க பாய் அந்தப் பொழப்பு? மாப்பிள்ள ஊட்டுக்காரவியகிட்ட வயசக் கொறச்சுச் சொல்ற மாதிரி? அதுக்கு என்ன பலமோ அது புக்குலயும் இருக்கட்டும். செக்போஸ்ட்டுல நின்னு நானு எதுக்கு முழிக்கோணும்?"

கையூம் தலையைச் சொறிந்தார். "அப்படீன்னா ஆர்டிஓ ஆபீசு போகோணும். பிரேக் இன்ஸ்பெக்டரு வண்டியப் பாக்கோணும். அதுக்கும் முன்னாடி ஓனரு கையெழுத்துப் போடோணுமுங்க. ஓனரு யாரு, நீங்கதானுங்களே?"

வெங்கடலட்சுமி துணிப்பைக்குள் கையைவிட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஆர்.சி. புத்தகத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள். முதல் பக்கத்தில் மை மங்கியும் பெயர் மங்காமல் இருந்தது. ராமுலு.

*

தொண்ணூற்று நாலில், லேத் பட்டறை போட்டு வந்த முதல் லாபத்தில், ராமுலு தன் தம்பிக்கு, வெங்கடலட்சுமியின் புருசன் வெங்கடபதிக்கு, வாங்கிக் கொடுத்த வண்டி அது. அண்ணன் பெயரில் இருந்தால் என்ன, தம்பி பெயரில் இருந்தால் என்ன என்று பேசிக்கொண்ட காலம். வெங்கடபதி அதில் கேரியர் அடித்து, பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து பாலமலை ஏறி, மேல்பதியில் இருக்கும் பதினாறு வீடுகளுக்கு மளிகை கொண்டுபோனான். செவ்வாயும் சனியும். அரிசிச் சிப்பம், எண்ணெய், பருப்பு, சோப்பு, டார்ச்சுக்குப் பேட்டரி. இறங்கும்போது நெல்லிக்காயும் எலுமிச்சையும் சில நாள் தேனும். ஆறு வருடத்துக்கு முன்னால், நிலக்கடலை உரித்துக்கொண்டே டிவி பார்த்துக்கொண்டிருந்தவன் உரித்த கடலையைக் கையில் வைத்தபடியே சாய்ந்துவிட்டான். நெஞ்சு வலி என்று சொல்லக்கூட அவனுக்கு நேரமிருக்கவில்லை.

பதிமூன்றாம் நாள் பந்தல் பிரிக்கும்போது ஜீப் சுப்பையன் வந்தான். கோயிலுக்கு ஆள் ஏற்றுகிறவன். தலையைக் குனிந்துகொண்டு, ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டான். "ஏனுங்க, மேல்பதிக்கு இனி நானே சாமான் போட்டுக்கட்டுங்களா?"

அவள் சொன்னாள்: "பாக்கலாமுங்க."

சுப்பையன் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவளிடம் அவன் கேட்கவேயில்லை. கேட்கமாட்டான். கோயமுத்தூர்ப் பக்கத்தில் பிறந்த ஒருவரும் கேட்கமாட்டார்கள். முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்வது இங்கே பழக்கமில்லை. பொண்ணு பிடிக்கவில்லையென்றால் பாக்கலாமுங்க. கைமாற்று தர இஷ்டமில்லையென்றால் பாக்கலாமுங்க. அந்தச் சொல்லைக் கேட்டதும் டம்ளரில் இருக்கிற காப்பியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்துவிட வேண்டும். மறுபடி அந்தப் பேச்சை எடுப்பது, சாத்திய கதவைக் காலால் உதைப்பதற்குச் சமம்.

அந்த வருடமே பட்டறைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் வெங்கடலட்சுமி வண்டி பழகினாள். சுடிதார், அதன் மேல் புருசனுடைய முழுக்கைச் சட்டை. ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைந்தவள். இன்றைக்கு வருகிற வண்டிகளில் உட்கார்ந்தால் கால் தரையில் படாது. இதில் இரண்டு பாதமும் முழுசாக ஊன்றும். ஊரில் முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள், பிறகு வழிவிட்டார்கள். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் மட்டும் வண்டி முக்கும். அங்கே வெங்கடபதியும் இறங்கித் தள்ளுவான். அவளும் ஆறு வருடமாக இறங்கித் தள்ளினாள். போன சனிக்கிழமை அதே வளைவில், இறங்குவதற்கு முன்பே, எஞ்சின் ஒரு கிறீச்சலோடு இறுகி நின்றுவிட்டது.

மேல்பதியிலிருந்து மாசாணியம்மாள் ஆட்களோடு இறங்கி வந்து மூட்டைகளைத் தலையில் தூக்கிக்கொண்டாள். அந்த ஊரில் ஒரு விஷயம் மாசாணியம்மாள் வாயால் சொன்னால்தான் சொன்னதாகக் கணக்கு. புறப்படும்போது திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"லச்சுமியக்கா, சுப்பையன் எங்ககிட்ட வந்து கேட்டுப்போட்டுப் போனான். சனிக்கெழம தோறும் ஜீப்புல அரிசி வருமாம். நானு ரெண்டு வாரம் பாப்பேன். எங்க ஊட்டு அடுப்பு பாக்காதுக்கா."

*

ராமுலுவின் பட்டறை வாசலில் இரண்டு ஆட்கள் கண்ணாடிப் பலகைகளைச் சட்டத்தில் பொருத்திக்கொண்டிருந்தார்கள். ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி. உள்ளே சிவப்புக் கார்பெட். மேலே இரண்டு விளக்கு. நகைக்கடையில் சிலை வைப்பார்களே, அந்த மாதிரி.

"ஏம்மா, தின்னாவா?" என்று கேட்டார் ராமுலு. அந்த வீட்டில் சாப்பாடு, பிள்ளைகள், உடம்பு எல்லாம் தெலுங்கில்தான். வியாபாரத்துக்கும் கோபத்துக்கும் தமிழ். அறுபத்து மூன்று வயது. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. தம்பி போன பிறகு மாதம் தவறாமல் ஒரு மூட்டை அரிசி அனுப்புகிறவர். அவள் மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்குத் தானே வரிசையில் நின்றவர். கெட்டவர் என்று ஒருவரும் சொல்லிவிட முடியாது. அதுதான் சிரமம்.

வெங்கடலட்சுமி வழக்கம்போல நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். எஞ்சின் போனது, வேறு எஞ்சின் இருப்பது, ஆர்.சி.யைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டால்தான் அதைப் பதிய முடியும் என்பது. பெயர் மாற்றுகிற பாரத்தையும் நீட்டினாள்.

ராமுலு பாரத்தை வாங்கவில்லை. கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். "இது எதுக்குன்னு நெனச்ச? அவனுக்குத்தான். திதி அன்னைக்குத் தெறக்கறோம். வண்டிய முழுசாப் பிரிச்சு, அந்தக் காலத்து பெயின்ட்டு, அந்தக் காலத்து ஸ்டிக்கரு, எல்லாம் சொல்லிவச்சாச்சு. ஒரு போல்ட்டுகூட மாறக்கூடாது அம்மணி. எஞ்சின் ஓடாட்டிப் போகுது, அது அவன் எஞ்சின். அவன் உக்காந்து ஓட்டினது."

"அவிய உக்காந்தது சீட்டுலதானுங்க, பாவா."

ஆட்களில் ஒருவன் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டான்.

"உனக்குப் புது மொபெட்டு ஒண்ணு எடுத்துத் தாரேன்," என்றார் ராமுலு.

"ரெண்டு சிப்பம் வச்சா மொபெட்டு மலையேறாதுங்க. இதுல பெரிய எஞ்சின் வச்சா ஏறும். சேஸ் அதேதான், டேங்க் அதேதான், சீட்டும் அதேதான். அவியள எங்கயும் தூக்கிப் போடலீங்க."

"நெனப்பா இருக்கோணும்மா."

"நெனப்பு மேடேறாதுங்க."

ராமுலு கார்பெட்டைப் பார்த்தார். அந்தச் சிவப்பின் மேல் தம்பி நின்றுகொண்டிருப்பது போலப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, மரியாதைத் தமிழில், ஒரு வெளியூர்க்காரியிடம் பேசுவது போலச் சொன்னார்:

"கையெழுத்துத்தானுங்களே அம்மணி. பாக்கலாமுங்க."

அவளை அவர் இருபத்தைந்து வருடமாக வா, போ என்றுதான் கூப்பிடுகிறார். அந்த ங்க அவளுக்காகப் போட்டதில்லை, கதவுக்குப் போட்ட தாழ்ப்பாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது வெங்கடலட்சுமிக்கு அழுகை வரும் என்று தோன்றியது. வரவில்லை. பதிலுக்கு சுப்பையன் ஞாபகம்தான் வந்தது. தலையைக் குனிந்துகொண்டு, கும்பிடு போட்டுவிட்டு, மறுபேச்சில்லாமல் போனானே. அவனுக்கு அந்தச் சொல் புரிந்தது. புரிந்ததால்தான் ஆறு வருடம் தோற்றான். எனக்குப் புரியாமல் போனால் என்ன?

*

மறுநாள் காலை பட்டறை திறக்கும்போதே அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"பாக்கலாமுன்னு சொன்னீங்களே பாவா. பாக்க வந்தேனுங்க."

அறுபத்து மூன்று வருடத்தில் அப்படி ஒரு பதிலை அவர் கேட்டதில்லை. "இன்னைக்கு லோடு போகுது. பாக்கலாமுங்க," என்றார்.

"சரிங்க. நாளைக்கு வாரேன்."

மூன்றாம் நாளும் வந்தாள். நான்காம் நாள், கால் வலிக்கிறது என்று சொல்லி, அவர் முன்னாலேயே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மூத்தார் முன்னால் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஒன்றும் ஆகவில்லை. கூரை அதே இடத்தில் இருந்தது. லேத்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ராமுலுவின் மனைவி ரங்கநாயகி உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போது டம்ளரை உடனே விடாமல் ஒரு நொடி பிடித்துக்கொண்டு, "உப்புப் போதுமா?" என்று கேட்டாள். கேட்டது உப்பைப் பற்றி இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

ஆறாம் நாள் அவள் வருவதைப் பார்த்துவிட்டு ராமுலு பின்பக்கமாகப் போய்விட்டார். லேத்தில் நின்றவர், "மொதலாளி இல்லீங்களே," என்றார்.

"செருப்பு இருக்குதுங்களே."

"அது... செருப்பு இருக்குதுங்க."

"செரி, செருப்புகிட்டச் சொல்லிப்போட்டுப் போறேன்." சொல்லவும் செய்தாள். வாசலில் குனிந்து, அந்தத் தோல் செருப்பு இரண்டையும் பார்த்து, பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி: "பாக்கலாமுன்னு சொன்னீங்க, மறந்துறாதீங்க. நாளைக்கும் வாரேனுங்க."

லேத் ஓட்டுகிறவர்கள் யாருக்கும் அன்றைக்கு அளவு சரியாக வரவில்லை.

பகலெல்லாம் இப்படி. அந்தச் சனிக்கிழமை சுப்பையனின் ஜீப்பில் முதல் தடவையாக அரிசி ஏறிப் போனதை அவள் பேருந்து நிறுத்தத்திலிருந்து பார்த்தாள். சிப்பங்களுக்கு மேல் கோயிலுக்குப் போகிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுப்பையன் அவளைப் பார்த்துவிட்டு, கைகாட்டவும் முடியாமல் காட்டாமலிருக்கவும் முடியாமல், ஹாரனை ஒரு தடவை அழுத்தினான். மறுநாளே உக்கடத்துக்குப் பேருந்து ஏறினாள்.

"எஞ்சினப் பூட்டிருங்க பாய்."

"கையெழுத்து ஆயிருச்சுங்களா?"

"பாக்கலாமுன்னு சொல்லியிருக்காருங்க."

கையூமின் கையில் ஸ்பேனர் நின்றுவிட்டது. அவரும் இந்த ஊர்க்காரர்தான். "ஏனுங்கம்மா, அதுக்கு அர்த்தம் வந்து..."

"தெரியுமுங்க. எனக்குத் தமிழ் அரைகொறைன்னு நெனச்சுக்கங்க. நாங்க தெலுங்குக்காரவிய."

கையூம் அரை நிமிடம் அவளைப் பார்த்துவிட்டு, ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தோள் இரண்டும் குலுங்கின. பிறகு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

புது எஞ்சினை அவர் கீழேயிருந்து தூக்கிப் பிடிக்க, போல்ட்டைச் சொருகியது அவள்தான். ஓட்டைகள் ஒன்றுக்கொன்று நேராக வந்து நின்றபோது, பூட்டில் சரியான சாவி திரும்புகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்டது. ஆனால் கையூம் சந்தோஷப்பட்டுவிடவில்லை. டார்ச்சை அடித்து சேஸின் அடிப்பக்கம் முழுக்க விரலால் தடவினார். எஞ்சின் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், பெயின்ட்டுக்கு அடியில், முடியைப் போல ஒரு விரிசல்.

"இதத்தானுங்க தேடினேன். எஞ்சின் பெருசு, சேஸ் பழசு. அது இழுக்கற இழுப்ப இது தாங்கோணுமில்லீங்களா? ரெண்டு பக்கமும் பட்டை வச்சு வெல்டிங் அடிச்சர்றேன். பின் ஸ்பிரிங் மாத்தோணும். பிரேக் ஷூ புதுசு போடோணும். ஓடறது ஒண்ணும் பெருசில்லீங்கம்மா. வேணுங்கற எடத்துல நிக்கோணும்."

வெல்டிங் பொறி பறந்தபோது அவள் கண்ணை மூடிக்கொள்ளாமல் துணிப்பையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். பட்டை வைத்த இடம் கறுப்பாகப் புடைத்துக்கொண்டிருந்தது. பெயின்ட் அடித்து மறைத்துவிடட்டுமா என்று கையூம் கேட்டார். துருப்பிடிக்காமல் இருக்க ஒரு கை அடித்தால் போதும், மறைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

மூன்றாவது உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பழைய சத்தத்தை அவள் தூக்கத்திலும் அடையாளம் சொல்வாள். இது அந்தச் சத்தம் இல்லை. அடித்தொண்டையிலிருந்து வந்தது. அது அவனுடைய குரல் இல்லை. இருந்தும் வலது கை தானாகவே ஆக்சிலேட்டரைத் திருகிப் பார்த்தது. சந்தில் இருந்த எல்லாக் கடைக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

*

திதி சனிக்கிழமை வந்தது. மாசாணியம்மாள் கொடுத்த தவணையின் கடைசி நாளும் அதுதான்.

காலையிலேயே எல்லாம் முடிந்தது. சொந்தபந்தம், ஒறம்பரைகள் எல்லாம் சாப்பிட்டுக் கைகழுவி, வெற்றிலைத் தட்டோடு பட்டறை முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டி துடைத்துப் பளபளவென்று காலியாக நின்றது. உள்ளே விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. வண்டி எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் ராமுலு, "வருமுங்க, பாக்கலாமுங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வண்டி வந்தது. சத்தம் முதலில் வந்தது, அடுத்து வண்டி. திதிச் சாப்பாட்டை எல்லோருக்கும் பரிமாறிவிட்டுப் போன வெங்கடலட்சுமி, புருசன் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, கேரியரில் இரண்டு அரிசிச் சிப்பத்தைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டு, முற்றத்தின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கவில்லை.

ராமுலுவின் கண் நேராக எஞ்சினுக்குத்தான் போனது. அங்கிருந்து வெல்டிங் பட்டைக்கு. முகம் சிவந்தது. இருந்தாலும் ஒறம்பரைகள் இருக்கிறார்கள், குரல் உயரவில்லை. "இது என்னங்க அம்மணி?"

"கையெழுத்துப் பாரம் கொண்டாந்திருக்கேனுங்க பாவா. பன்னண்டு நாளா வாரேன். இன்னைக்கு மேல்பதி போகலீன்னா, இனி எப்பவும் போகவேண்டியதில்லீங்க. அதுக்கு முன்னால கேட்டுப்போட்டுப் போலாமுன்னு வந்தேன்."

"எல்லாரும் இருக்கறாங்க. அப்பறமாப் பாக்கலாமுங்க."

"சரிங்க, பாக்கலாமுங்க," என்றாள் அவளும். இறங்கி, கேரியரிலிருந்து ஒரு சிப்பத்தை அவிழ்த்துக் கீழே வைத்தாள். இன்னொன்றை நகர்த்தி சீட்டின் நடுவில் வைத்தாள். அதற்குப் பின்னால் ஒரு ஆள் உட்காருகிற இடம் வந்தது. அந்த இடத்தைச் சட்டைக்கையால் துடைத்தாள். "பாக்கறதுன்னா கண்ணுலதானுங்களே பாக்கோணும்? ஏறுங்க. மலை மேல போயிப் பாத்துட்டு வந்தர்லாம். அங்க வச்சும் வேண்டாமுன்னு தோணுச்சுன்னா, முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லீருங்க. நானே கொண்டாந்து அந்தப் பொட்டிக்குள்ள நிறுத்திப் போடறேன். ஆனா அந்த வார்த்தயச் சொல்லோணும். முடியாதுன்னே சொல்லோணும்."

வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். தம்பி பெண்டாட்டி பின்னால் மூத்தார் வண்டியேறுவதாவது. ஒருவர் தொண்டையைச் செருமினார். ராமுலு யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று சுற்றிலும் பார்த்தார்.

சொன்னது ரங்கநாயகி. படியில் நின்றுகொண்டிருந்தாள், முந்தானையில் கையைத் துடைத்தபடி.

"எனக்கும் நாப்பது வருசமா எல்லாத்துக்கும் பாக்கலாமுன்னுதான் சொல்லீட்டு இருக்கறீங்க. ஒரு தடவயாச்சும் போயிப் பாத்துட்டுத்தான் வாங்களேன்."

"நடுவுல அரிசி இருக்குதுங்க," என்றாள் வெங்கடலட்சுமி. "இருபத்தஞ்சு கிலோ மரியாதை. போதுமில்லீங்களா?"

யாரோ அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு எல்லோருக்கும் பரவுவதற்குள் ராமுலு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கோபத்தில் ஏறினாரா, சிரிப்புக்குப் பயந்து ஏறினாரா, அவருக்கே தெரிந்திருக்காது. வேட்டியை மடித்துக் கட்டினார். சிப்பத்துக்குப் பின்னால், கேரியரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்பிரிங் முனகியது. சேஸ் முனகவில்லை.

அடிவாரத்து செக்போஸ்ட்டில் காவலர் கயிற்றை இறக்கிவிட்டு, அப்படியே நின்று பார்த்தார். முதல் வளைவு. இரண்டாவது வளைவு. பழைய எஞ்சின் இந்த நேரத்தில் திணறத் தொடங்கியிருக்கும். பெட்ரோல் டேங்க் தொடையில் அதிரும். இப்போது டேங்க் சூடாக மட்டும் இருந்தது. புது ஸ்பிரிங் குழிகளை விழுங்கியது. பட்டை வைத்த இடத்தின் மேல் தன் காது போய் உட்கார்ந்துகொண்டதாக வெங்கடலட்சுமிக்கு இருந்தது. விரிசல் என்றால் அது முதலில் சத்தமாகத்தான் வரும் என்று கையூம் சொல்லியிருந்தார். சத்தம் எதுவும் வரவில்லை.

மூன்றாவது வளைவு தெரிந்தது. சாலை அங்கே சட்டென்று எழுந்து நிற்கும். ஓரத்துப் பாறையில் ஆறு வருடமாக அவள் செருப்பு தேய்ந்த தடம் இருந்தது. அதற்கும் முன்னால் அவனுடையது.

"நிறுத்து," என்றார் ராமுலு தெலுங்கில். குரலில் கோபமில்லை. "நிறுத்தும்மா. இங்க எறங்கித் தள்ளோணும். நானும் ஒருக்கா வந்திருக்கேன் அவன்கூட. ரெண்டு பேரும் தள்ளித்தான்..."

அவர் ஒரு காலைத் தரைக்கு நீட்டுவதை வண்டியின் சாய்வில் அவள் உணர்ந்தாள். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் நல்ல மனுஷர், இந்த வயதிலும் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு தள்ளுவார், தள்ளும்போது தம்பியை நினைத்து அழக்கூடச் செய்வார்.

"காலை மேல வைங்க," என்றாள் வெங்கடலட்சுமி. "உக்காருங்க பாவா."

கியரைக் குறைத்துத் திருகினாள். முன்சக்கரம் ஒரு கணம் எடையற்றுப் போனது. பின்சக்கரம் சரளைக்கல்லைப் பாறையின் மேல் வாரி அடித்தது. எஞ்சின் அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுப்பியது, அது முனகல் இல்லை. பாறை பக்கவாட்டில் வந்தது, பக்கவாட்டிலேயே பின்னால் போனது. ராமுலு கேரியரை விட்டுவிட்டு அரிசிச் சிப்பத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

வளைவுக்கு மேலே காற்று மாறியது. கீழே பெரியநாயக்கன்பாளையத்தின் தகரக் கூரைகள் வெயிலில் சில்லறையாக மின்னின. பிறகு அவள் தோளுக்குப் பின்னாலிருந்து, "போ," என்று ஒரு குரல் வந்தது. இன்னும் சத்தமாக, "போ, போ!"

அது தமிழா தெலுங்கா என்று தெரியவில்லை. இரண்டிலும் அது ஒரே சொல்தான். ஆனால் அதில் ங்க இல்லை.

அடுத்த திருப்பத்தில், மேலே, புகை தெரிந்தது. சுப்பையனின் ஜீப். பின்பக்கம் முழுக்க அரிசி. முக்கிக்கொண்டே ஏறிக்கொண்டிருந்தது.

"அவனத் தாண்டுமா?"

"பாக்கலாமுங்க," என்றாள்.

ஹாரனில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு வலதுபக்கக் கண்ணாடியை ஒரு தடவை பார்த்தாள். அதில் அவருடைய முகம் தெரியவில்லை. சிப்பத்தின் மேல் அழுந்தியிருந்த சட்டைப்பை மட்டும் தெரிந்தது, அதில் நீலமும் சிவப்புமாக இரண்டு பேனாக்கள், எஞ்சினின் தாளத்துக்கு விடாமல் ஆடிக்கொண்டிருந்தன.